முதன்முதலாகப் பழைய கார் வாங்குவோருக்கு

பழைய மோட்டார் வண்டி ஒன்றைத் தமக்கெனச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை இந்நாளில் பலருக்கு உண்டாகியிருக்கிறது. விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் அமைந்த எங்கள் கண்டமங்கலத்திலும் அவ்வாசை புகுந்துவிட்டது. வண்டியைப் பற்றி ஏதும் அறியாத இளைஞர்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் புறப்பட்டுவிடுகின்றனர். அப்பணம் வீணாகாதிருக்க அறிய வேண்டிய சிலவற்றை இங்கே கூற விரும்புகிறேன்.

எந்த வண்டியை வாங்குவது என்பது முதற் கேள்வி. உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசடர், மும்பையில் உருவான பியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை நம் நாட்டார் நன்கறிந்தவை. ஹெரால்டு நம் பக்கத்து வண்டியாதலால் மனம் அதனை நாடும். ஆயினும் அதன் உறுப்புகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஆகவே, புதியவருக்கு நான் அம்பாசடரையே சொல்வேன். அதனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் உள்ளனர்.

அடுத்தது, வண்டியின் உடல். எஞ்சின் கெட்டால் சீர்செய்யலாம். துரு அரித்த உடலைச் சீர்செய்வதோ பெருஞ்செலவு. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. அம்பாசடருக்கு அவ்வாறில்லை, உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆதலால் கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியும் தரைத் தகரமும் அரித்திருந்தால் முதுகெலும்பே முறிந்ததற்கு ஒப்பாகும். கடற்காற்றில் நின்ற வண்டிகளில் இது மிகுதி. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகரத்தின்மீது வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் வர்ணத்தின் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அறியலாம்.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், பளபளக்கும் வெள்ளை அம்பாசடர் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்க இருந்தார். அவருடன் சென்று காந்தத்தை வைத்தேன்; இரு பக்கமும் அது நழுவி விழுந்தது. அவர் வாங்காமல் திரும்பினார். சில மாதங்களுக்குப் பின், வர்ணம் மங்கிய, தகரம் கெட்டியான வேறொரு வண்டியை வாங்கினார்.

எஞ்சினை அது குளிர்ந்திருக்கும்போதே முடுக்கச் சொல்ல வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது என்பது பொருள். இப்பொழுது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றும் செலவையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பத்திரங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பொருத்திய அம்பாசடர்கள் உண்டு. அம்மாற்றம் பதிவாகாவிடில் தொல்லை வாங்குபவருக்கே. 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

எங்கள் சாலையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். பயணிக்கு அது தோன்றாது, சட்டத்திற்குத் தோன்றும். புதுச்சேரியில் பதிவான வண்டியை இங்கே நிலையாக வைத்துக்கொள்ள ஆட்சேபணையின்மைச் சான்றும், தமிழ்நாட்டு வரியும், புதுப் பதிவு எண்ணும் வேண்டும். விலையை முடிவு செய்யுமுன் இச்செலவை எண்ணுங்கள்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கென 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை வகுத்தது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அவ்வண்டியை அன்றாடப் பயணத்திற்கு ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கே ஓட்டலாம். சந்தைக்கும் கோயிலுக்கும் குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையேனும் பழுது பார்க்க ஒதுக்குங்கள். அவ்வாறு வாங்கிய வண்டியே ஓடும். மற்றது வீட்டு வாசலில் நிற்கும்.