வேகத் துவிச்சக்கர வண்டியை நாமே அமைத்தல்



2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற மாதங்களை நம்மில் எவரும் மறந்திரார். அந்நாட்களிலே துவிச்சக்கர வண்டிக்கு மதிப்பு மிகுந்தது. விலையும் உடன் ஏறிற்று. எங்கள் வீட்டு மூலையிலே, என் தமையனார் விட்டுச் சென்ற ஆங்கிலப் பந்தய வண்டியொன்றின் உருக்குப் பிரேம் மட்டும் நெடுங்காலம் கிடந்தது. சில்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. வேண்டிய உறுப்புகளைத் தேடி வாங்கி அதனை மீண்டும் வீதியில் ஓடச் செய்வதென்று துணிந்தேன். கலைப்பட்டதாரியாகிய எனக்கு அதுகாறும் ஓட்டு ஒட்டுவதற்கு மேல் எதுவும் தெரியாது. பணம் வீணாயிற்று, ஒருமுறை என் மருமகனின் உயிருக்கே ஊறு நேரவிருந்தது. ஆதலின் இப்பொருள்பற்றிச் சில கூற விழைகின்றேன்.

கைபிடி ஆட்டுக்கொம்புபோல் வளைந்து, ரயர் மெலிந்து, தார்வீதியில் விரைந்து செல்வதற்கென அமைந்த வண்டியையே ஈண்டு வேக வண்டி என்கின்றேன். இதன் உறுப்புகள் ஒரே தொழிற்சாலையிற் பிறப்பன அல்ல. இங்கிலாந்தும் பிரான்சும் இத்தாலியும் யப்பானும் தத்தமக்கென அளவுகளை வகுத்தன. அவை யாவும் இன்றும் கடைகளிற் கலந்து கிடக்கின்றன. எனவே கடைக்காரரிடம் விலை கேட்குமுன், நம் பிரேம் எவ்வளவினை ஏற்கும் என்று அறிதல் வேண்டும். இதற்குச் சிறந்த துணை, பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள வேணியர் இடுக்கிமானியே. நான் அதனை விஞ்ஞான ஆசிரியரிடம் இரவல் வாங்கினேன். அவர் வியப்புடன் தந்தார்.

சில்லிலே தொடங்குவோம், ஏனெனில் என்னை ஏமாற்றியது அதுவே. ரயரின் மேற் பொறிக்கப்படும் 27, 28 முதலிய அங்குல எண்கள், முற்காலத்தில் காற்றடித்த ரயரின் வெளிவிட்டத்தைக் குறித்தன. ரயர் றிம்மில் அமரும் இடத்தின் விட்டத்தை அவை கூறா. நம் ஊர்ச் சாதாரண வண்டிகளின் 28 × 1½ ரயர் அமரும் விட்டம் 635 மில்லிமீற்றர். பழைய பந்தய வண்டிகளின் 27 அங்குலச் சில்லுக்கு அது 630. இக்கால வேக வண்டிகளின் 700சி எனும் சில்லுக்கோ 622 மட்டுமே; ஆயினும் அதன் ரயரிலும் 28 என்றே பொறித்திருத்தலுண்டு. இருபத்தேழு இருபத்தெட்டினும் பெரிது என்று மாணவனொருவன் எழுதினால் நான் சிவப்பு மையைத் தேடுவேன். இங்கே அவன் கூற்றே சரி. ஆகவே 25-622 என்பதுபோன்ற இரட்டை எண்ணையே நம்புதல் வேண்டும். முன்னது ரயரின் அகலம். பின்னது அது றிம்மில் அமரும் விட்டம்.

இதனை அறியாத நான், 27 அங்குலச் சில்லுக்கென அமைந்த என் பிரேமில் 700சி சில்லுகளைப் பூட்டினேன். அவை அழகாகவே சுழன்றன. விட்டத்தில் எட்டு மில்லிமீற்றர் குறைந்தமையால், றிம்மின் விளிம்பு பிறேக் கட்டைக்கு நான்கு மில்லிமீற்றர் கீழே நின்றது. கட்டை றிம்மைப் பற்றுவதற்கு மாறாக ரயரின் பக்கத்தைத் தேய்த்தது. மூன்றாம் நாள் மாலை, என் மருமகன் ஒழுங்கை முடக்கில் பிறேக்கை அழுத்தவே முன்ரயர் வெடித்தது. வீடு கட்டுவதற்கென எவரோ குவித்திருந்த மணலில் அவன் விழுந்தான். அம்மணல் இல்லையேல் மதில்தான். என் தமக்கையார் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

பரிகாரமோ மிக எளிது. பிறேக் கரத்திலுள்ள நீண்ட துளையிலே கட்டையைக் கீழிறக்கினேன். துளையில் இடமில்லாதோர் நீண்ட கரமுடைய பிறேக்கை வாங்கவேண்டும்.

அடுத்துப் பெடற் கரங்களின் அச்சு சுழலும் அடிக்குழல். ஆங்கில முறையில் இதன் அகலம் 68 மில்லிமீற்றர்; திருகுபுரி அங்குலத்துக்கு 24. வலப்பக்கக் கிண்ணம் இடப்புரி உடையது. அஃதாவது வலஞ்சுழியாகத் திருப்பினாலே கழலும். நான் சாவியில் நீண்ட குழாயை மாட்டி எதிர்ப்புறமாக அரைநாள் மல்லாடினேன்! வீதியோரம் வண்டி திருத்தும் முதியவர் ஒருவர் ஒரு நிமிடத்திற் கழற்றித் தந்தார். இத்தாலிய முறையில் அகலம் 70, இருபுறமும் வலப்புரியே. ராலி வண்டிகள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 புரி உண்டு. அதனுள் 24 புரிக் கிண்ணத்தை வலிந்து முறுக்கினால் பிரேமின் புரியே அழியும்.

பின்சில்லுக்கான இடைவெளி என் பிரேமில் 126 மில்லிமீற்றர். புதிய சில்லின் அச்சுக்கு 130 வேண்டும். உருக்கு ஆதலால் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் விரித்தேன். அலுமினியம், காபன் பிரேம்களில் இதனைச் செய்யலாகாது. கைபிடியும் அவ்வாறே கருத்துக்குரியது. 26.0 மில்லிமீற்றர்ப் பிடிப்பில் 25.4 தண்டை இட்டால், ஆணியை எவ்வளவு இறுக்கினும் மேட்டில் இழுக்கும்போது அது சுழன்றுவிடும்.

இனிக் கியர். முன்பற்சில்லின் பற்களைப் பின்பற்சில்லின் பற்களால் வகுத்து, சில்லின் சுற்றளவாற் பெருக்குக. மெல்லிய 700சி ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீற்றர். முன்னே 50உம் பின்னே 11உம் எனில், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி ஒன்பதரை மீற்றர் செல்லும். 34உம் 28உம் எனில் இரண்டரை மீற்றரே. நுவரெலியாவுக்கு ஏறுவோர்க்குப் பின்னதே உயிர். குடாநாட்டுச் சமதரையில் எனக்கு அது பெரும்பாலும் சும்மா கிடக்கின்றது.

1984இல் சிமானோ நிறுவனம் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பற்சில்லு மாறும் முறையைக் கொணர்ந்தது. இம்முறையில் நெம்பு இழுக்கும் கம்பியின் நீளமும் கியர் மாற்றியின் அசைவும் ஒத்திருத்தல் வேண்டும். இந்நீளம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுதலின், நெம்பையும் மாற்றியையும் ஓரினத்தனவாகவே வாங்குக. பழைய உராய்வு நெம்புக்கு இச்சிக்கல் இல்லை. விரலின் உணர்வே அதற்கு அளவு. என் வண்டியில் இருப்பது அதுவே. இப்பொழுதும் சனிக்கிழமை தோறும் மருமகன் அதனைக் கேட்டு வருகின்றான். பிறேக் கட்டையைக் குனிந்து பார்த்த பின்னரே ஏறுகின்றான்.