வானத்திலிருந்து வந்த சரக்கு

சென்ற மாதம் ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து வவுனியாக் கடையில் அமர்ந்த கையோடு கிளிநொச்சித் தம்பி ஒருவர் வந்தார். அடுக்கிலிருந்த டிஷ் பெட்டியைக் காட்டி, "நானா, இது எத்தனை வருஷம் ஓடும்?" என்று கேட்டார். பெட்டிக்கு ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது என்றேன். "பெட்டியை இல்லை நானா, அதுக்குள்ள வாறதைக் கேக்கிறன்" என்றார்.

முப்பது வருடத்துக்கு அண்மையாக இலத்திரனியல் சாமான் விற்கிறேன். இந்தக் கேள்வியை அதுவரை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் எனக்குச் சரக்குத் தருபவரிடம் கேட்டதில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இதை வீட்டில் சொன்னேன். கம்பியூட்டர் படித்த என் மூத்த மகன், "வாப்பா, யப்பானில் பெரிய கம்பனி ஒன்றே இந்தக் கேள்வியில் மாட்டியது" என்று ஒரு கதையைத் தொடங்கினான். விளையாட்டுச் சாமான் கதைதானே என்று அரைக் காதோடு கேட்கத் தொடங்கியவன், முடியும்போது கை கழுவவும் மறந்துபோனேன். வியாபாரிகளான நாம் அறிய வேண்டிய சங்கதி அது.

நின்டெண்டோவை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். 1990 நவம்பரில் அது யப்பானில் 'சுப்பர் ஃபெமிகொம்' என்ற டீவி கேம் பெட்டியை இறக்கியது. கேம் ஒவ்வொன்றும் ஒரு கசட். கசட் என்றால் தொழிற்சாலை வேண்டும், லொறி வேண்டும், களஞ்சியம் வேண்டும். விற்காத கசட் கடைக்காரன் தலையில். இந்த வலி நமக்கும் பழக்கம்தான். கசட்டே இல்லாமல் கேமை வானத்திலிருந்து இறக்கினால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். அதற்காக வந்ததுதான் 'சட்டெலாவியூ'. கேம் பெட்டியின் அடியில் பொருத்தும் ஓர் இணைப்புக் கருவி. டிஷ் அன்டனா சமிக்ஞையைப் பிடிக்கும், டியூனர் அதைப் பிரிக்கும், இந்தக் கருவி கேமை எடுத்து 8 மெகாபிட் மெமரிப் பொதியில் சேமிக்கும். அதாவது 1 மெகாபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அது வெளியான திகதி 1995 ஏப்ரல் 23. அந்த மாதத்தை நம் பக்கத்து ஆட்கள் வேறு காரணத்துக்காக மறக்கமாட்டார்கள். நான்கு நாள் முன்பு, 19ஆம் திகதி, திருகோணமலையில் இரண்டு கடற்படைக் கப்பல்கள் தகர்க்கப்பட்டு மீண்டும் யுத்தம் மூண்டது. வன்னிக்குள் மின்சாரம் இல்லை. டோர்ச் பற்றரி தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட காலம். அதே வாரத்தில் யப்பான் பிள்ளைகள் வானத்திலிருந்து விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்! அல்லாஹ் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நாளை எழுதியிருக்கிறான்.

கதைக்கு வருவோம். நின்டெண்டோவிடம் செய்மதி அலைவரிசை இல்லை. 'சென்ட் கிகா' என்ற செய்மதி வானொலியோடு கூட்டுச் சேர்ந்தது. அதன் பங்குகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றை வாங்கியது. அந்த வானொலியும் ஒரு வினோதமான வியாபாரம். விளம்பரம் கிடையாது. கடலலைச் சத்தமும் இயற்கையின் ஓசைகளும் மெல்லிய இசையும் கேட்கவைத்து, சந்தாப் பணத்தில் பிழைக்கப் பார்த்தார்கள். அலைச் சத்தத்துக்கு மாதாமாதம் காசு கட்ட எத்தனை பேர் வருவார்கள்? கஷ்டத்தில் இருந்தவர்களுக்கு நின்டெண்டோ கை கொடுத்தது. இரு தரப்புக்கும் லாபம் என்றுதான் எழுதிக் கையொப்பமிட்டிருப்பார்கள்.

வாடிக்கையாளர் பக்கமிருந்து கணக்குப் பாருங்கள். கேம் பெட்டி ஏற்கெனவே வேண்டும். கருவிக்கு 14,000 யென்னிலிருந்து 18,000 யென் வரை. டியூனர் வேறு, டிஷ் வேறு. இத்தனையும் வாங்கியபின் கேம் எப்போது வரும்? அவர்கள் ஒலிபரப்பும் நேரத்தில் மட்டும். புதிய கேமை இறக்கப் பொதியில் இடமில்லையென்றால் பழையதை அழிக்க வேண்டும். சில கேம்களை ஐந்து தடவைக்கு மேல் ஆடவே முடியாது. செய்மதி ஒருவழிப் பாதை. இங்கிருந்து பேசினால் அதற்குக் கேட்காது.

ஒரு விடயத்தை மட்டும் மெச்ச வேண்டும். 1995 ஓகஸ்டில் 'செல்டா' என்ற பெயர்பெற்ற கேமின் தனிப் பதிப்பொன்றை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பாகமாக ஒலிபரப்பினார்கள். பிள்ளை ஆடிக்கொண்டிருக்க, நடிகர்களின் குரல் அதே நேரம் வானொலியில் வந்து கதை சொல்லும், வழி காட்டும். நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. நாடு முழுவதும் பிள்ளைகள் ஒரே மணி நேரத்தில் டீவிக்கு முன்னால். சரக்கை அல்ல, நேரத்தை விற்றார்கள். ஆனால் அந்தக் குரல் எந்தப் பொதியிலும் சேமிக்கப்படவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் அதுவும் முடிந்தது.

சந்தையும் காத்திருக்கவில்லை. சேகா சற்றேர்னும் சொனி பிளேஸ்டேஷனும் 1994 கடைசியிலேயே இறங்கிவிட்டன. 1996 ஜூனில் நின்டெண்டோவே தன் அடுத்த பெட்டியான 'நின்டெண்டோ 64'ஐ விற்கத் தொடங்கியது. தன் பழைய பெட்டிக்கு வாங்கிய கருவியைத் தன் புதிய பெட்டியாலேயே பழசாக்கிவிட்டது! சட்டெலாவியூ பாவனையாளர் தொகை உச்சத்தில் ஓர் இலட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். 1999இல் கூட்டாளிகள் பிரிந்தார்கள். நின்டெண்டோ புதுச் சரக்குத் தருவதை நிறுத்தியது. வானொலிக்காரர் பழையதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். 2000 ஜூன் 30 அன்று எல்லாம் நின்றது.

கருவி பழுதில்லை. டிஷ் பழுதில்லை. வாங்கியவர் வீட்டில் எல்லாம் புதிதாகவே இருந்தன. வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை.

இன்று பழைய மெமரிப் பொதிகளை ஏலத்தில் விலை கொடுத்து வாங்குகிறார்களாம். யாரோ ஒரு பிள்ளை அழிக்க மறந்த கேம் உள்ளே கிடக்குமா என்று பார்க்க. செத்த சரக்கு உயிர்பெற்ற கதை. ஆனால் அன்று விற்ற கடைக்காரனுக்கு அதில் பங்கில்லை.

இது யப்பானோடு நின்றுவிட்டதென்று நினைக்காதீர்கள். வேர்ள்ட்ஸ்பேஸ் செய்மதி வானொலி நம் பிராந்தியத்தில் நன்றாக அறியப்பட்டது. தனிப்பெட்டி, தனிச் சந்தா, தமிழுக்கு ஓர் அலைவரிசை. தாய்க் கம்பனி 2008இல் அமெரிக்காவில் வங்குரோத்து மனு கொடுத்தது. 2009 டிசம்பர் 31உடன் இந்தியச் சேவை நின்றது. அந்தப் பெட்டியால் சாதாரண எஃப்.எம். கூடக் கேட்க முடியாதவர்கள் பலர். இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. கூகிள் கம்பனி தன் ஸ்டேடியா கேம் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது, தன்னிடம் வாங்கிய கருவிக்கும் கேமுக்கும் உரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. முதலுள்ளவனுக்கு அது இலகு என்பீர்கள். முதலுள்ள எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று நான் கேட்பேன்.

நிச்சயமில்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். 'கரர்' என்று ஓதியிருக்கிறோம். நீரிலுள்ள மீனையும் வானத்துப் பறவையையும் பிடிக்குமுன் விற்பதை உதாரணம் சொல்வார்கள். சந்தா வியாபாரம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஃபத்வாக் கொடுப்பது உலமாக்களின் வேலை, என் வேலையல்ல. என் மனதைக் குத்தியது வேறொன்று. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டுப் பார்க்க, உள்ளே ஈரம் இருந்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். என் குவியலிலும் ஒரு தடவை ஈரம் இருந்தது.

2013. மீள்குடியேறிய ஊர்களுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து சனம் பஸ்ஸேறி வந்து டீவி, டிஷ் வாங்கிய நேரம். கொழும்பிலிருந்து ஒருவர் தந்த சந்தாப் பெட்டிகள் என்னிடம் 23 இருந்தன. அவருடைய விற்பனையாள் ஒரு மாலை போன் எடுத்து, "ஹாஜியார், செனல்காரனோட பிரச்சினை ஒன்று. புதுசு எடுக்காதீங்க, கையில இருக்கிறதைத் தள்ளிவிடுங்க" என்றார். உதவி செய்வதாகத்தான் சொன்னார். நானும் பெட்டிக்கு 500 ரூபா குறைத்து இரண்டு கிழமையில் தள்ளிவிட்டேன். வாங்கியவர்கள் மலிவு என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

மூன்றாம் மாதம் திரை கறுப்பு. தருமபுரத்திலிருந்து ஒரு சகோதரி பெட்டியைச் சேலைப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். சீட்டுக் காசில் வாங்கியது. "கம்பனிக்காரன்ட பிழை தங்கச்சி, நான் என்ன செய்ய?" என்றேன். "நீங்கள் சொன்னதாலதான் நானா எடுத்தனான்" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெறும் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார். நான் பணம் திருப்பிக் கொடுத்தது மூன்று பேருக்கு. மூன்று பேரும் கடை வாசலில் சத்தம் போட்டவர்கள்.

கிளிநொச்சித் தம்பி இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். "உள்ளே வருவது எத்தனை வருஷம் வரும் என்று எனக்குத் தெரியாது தம்பி. அதை நிறுத்தும் சாவி என் கையிலும் இல்லை, எனக்குத் தந்தவர் கையிலும் இல்லை. நின்றால் இந்தப் பெட்டியால் வேறு பயனில்லை" என்றேன். யோசித்துவிட்டு, டீவி மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இப்போது சந்தாச் சாமான் பில்லில் இந்த வசனத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்குகிறேன். விற்பனை குறைந்திருப்பது உண்மை.

தருமபுரத்துக்கு இரண்டு தடவை ஆள் விட்டுப் பார்த்தேன். 2013 பில் புத்தகத்தின் கார்பன் பிரதி இன்னும் இருக்கிறது. அதில் ஊரும் தொகையும் மட்டும்தான் உண்டு. பெயரை எழுதும் பழக்கம் அப்போது என்னிடம் இருக்கவில்லை.