சுகரை அடக்க நரம்புக்கு ஒரு ஷாக்! தெரியுமா?

சுகர் என்றாலே கணையம், இன்சுலின், மாத்திரை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இந்த விவகாரத்தில் நரம்புகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. எப்படி என்கிறீர்களா?

● 1849-லேயே இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார். முயலின் பின்மூளையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை!

● சாப்பாடு நாக்கில் பட்டதுமே, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் முன்பே, கொஞ்சம் இன்சுலின் சுரந்துவிடும். கணையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது, மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு!

● அந்த நரம்பு தகவல் சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம் வெளிப்பட்டது ஒரு கனவால்! ஆஸ்திரியாவின் ஓட்டோ லூவி, கனவில் வந்த சோதனையை நள்ளிரவில் கிறுக்கி வைத்தார். விடிந்ததும் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை! மறுநாள் இரவும் அதே யோசனை வர, நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். 1921-ல் தவளை இதயங்களில் நிரூபித்தார். 1936-ல் நோபல் பரிசு.

● கழுத்தின் இருபுறமும் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஓர் உறுப்பு உண்டு. ரத்தத்தின் ஆக்சிஜனைக் கண்காணிப்பது அதன் வேலை. டைப் 2 சர்க்கரை நோயிலோ அது அளவுக்கு மீறித் துடிப்பாகிறது. அதனால் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. போர்ச்சுகல் ஆய்வாளர் சில்வியா கோண்டே குழுவினர் எலிகளில் அதன் நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். இன்சுலின் மறுபடி வேலை செய்தது! 2018-ல் அடுத்த அதிசயம்: வெட்டாமலே, மின் அலைகளால் அந்த நரம்பை அடக்கியும் அதே பலன்!

● கத்தி, கம்பி எதுவுமே வேண்டாம் என்கிறது 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. கல்லீரல் பகுதி நரம்புகள் மீது தினமும் வெறும் மூன்றே நிமிடம் அல்ட்ராசவுண்ட். சர்க்கரை நோய் வந்த எலிகளுக்குச் சுகர் கட்டுக்குள் வந்தது!

● நரம்பைத் தூண்டும் கருவி மருத்துவத்துக்குப் புதிதல்ல. வலிப்பு நோய்க்கு வேகஸ் நரம்புக் கருவியை அமெரிக்கா 1997-லேயே அனுமதித்துவிட்டது.

சுகருக்கு மட்டும் இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான். எனவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ‘நரம்பு மெஷின் வாங்குங்க, சுகர் ஓடிப்போகும்’ என்று யாராவது விற்க வந்தால், முதலில் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்!