சிப்பியைச் சுடும் முன்னர்

ஜப்பானியர் சிப்பியை ஓட்டுடனேயே தணலில் சுட்டு, சில துளி சோயா சாஸ் விட்டு உண்பர். அம்முறையைத் தழுவி, விருந்துக்கு முன் வழங்கும் சிற்றுண்டியை இல்லத்திலேயே சமைக்கலாம்.

சிப்பிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். தட்டியும் மூடிக்கொள்ளாதவை இறந்தவை, எறிந்துவிடுங்கள். ஆவியில் வேகவைத்து, ஓடு திறந்தபின் மேலும் 4 முதல் 9 நிமிடம் வேகவிடுங்கள். அரைவேக்காட்டுச் சிப்பியால் மஞ்சட்காமாலை தொற்றக்கூடும். திறவாதவற்றையும் நீக்குங்கள். பின்னர் மேலோட்டை அகற்றி, சோயா சாஸும் மிளகாய்த் தூளும் கலந்த மயோனேசைத் தடவி, 200 பாகை செல்சியஸ் சூட்டில் பொன்னிறமாக வாட்டுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கடலில் சிலவகை நுண்ணுயிர்கள் பெருகும் 'செவ்வலை'க் காலத்தில் சிப்பியில் சேரும் நஞ்சு, எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. 1976-இல் சபாவில் அது உயிர்களைப் பறித்தது. எச்சரிக்கை விடுக்கப்பட்ட கடற்பகுதியின் சிப்பியை வாங்காதிருப்பதே அறிவுடைமையாகும்.