மோட்டார் சைக்கிள் பெட்டியைத் தாங்கிப் பிடிப்பது எது?

நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து படிக்கப் போய்வரும் மாணவர்கள் பலருக்கு மோட்டார் சைக்கிள்தான் பேருந்து. போக வேண்டியது நீலாயில் உள்ள பல்கலைக்கழகமாக இருக்கலாம், போர்ட்டிக்சன் பாலிடெக்னிக்காக இருக்கலாம், சிரம்பானில் ஒரு பகுதிநேர வேலையாகவும் இருக்கலாம். பயணம் தொடங்குவது மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதையில்தான். புத்தகம், மடிக்கணினி, மழைச்சட்டை, சாப்பாடு என எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஓட்ட முடியாது. அதனால் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி பொருத்திக்கொள்கிறோம். நெடும்பயண வண்டி வைத்திருப்பவர்கள் இரு பக்கமும் கெட்டியான பக்கப்பெட்டிகளையே மாட்டிக்கொள்கிறார்கள்.

பெட்டி வாங்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் மூன்று: எவ்வளவு கொள்ளும், என்ன விலை, பார்க்க எப்படி இருக்கும்? நான்காவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. இந்தப் பெட்டியை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பது எது?

அந்தக் கேள்விக்கு உயிரின் விலை உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. உங்கள் பெட்டி கழன்று விழுந்து அங்கேயே கிடக்கிறது, 20 மீட்டர் பின்னால் இன்னொருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது 0.8 வினாடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். உங்கள் பின்னால் வருபவரும் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு மாணவராகவோ தொழிலாளியாகவோ இருப்பார்.

185,000 வண்டிகளைத் திரும்ப அழைத்த சிறு பாகம்

பெட்டி விழுவது மலிவுப் பொருளுக்கு மட்டும் வரும் குறை என்று நினைக்க வேண்டாம். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம், 2014, 2015 மாடல் நெடும்பயண வண்டிகளில் ஏறக்குறைய 185,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே பக்கப்பெட்டி கழன்று விழக்கூடும் என்பதுதான் காரணம்.

அந்த வண்டிகளில் பெட்டியின் உட்புறத்தில் திருகு போன்ற பிடிகள் இருக்கும். அவற்றைக் கால் சுற்று திருப்பினால், வண்டிச் சட்டத்தில் உள்ள சிறிய ஏற்பிகளில் போய்க் கவ்விக்கொள்ளும். கழற்றுவதும் மாட்டுவதும் அரை நிமிட வேலை. கோளாறு பெட்டியில் இல்லை. அந்தச் சிறிய ஏற்பிகள் பெட்டியைச் சரியாகக் கவ்வவில்லை. எனவே நிறுவனம் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, ஏற்பிகளை மட்டும் மாற்றிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான ரிங்கிட் பெறுமானமுள்ள பெட்டியின் பாதுகாப்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகத்தை நம்பி இருந்தது. நம் கப்சாய் வண்டியின் பின்பெட்டிக்கும் இதே கதைதான். அங்கே அந்தச் சிறு பாகம் போல்ட்டும் நட்டும்.

ஒரு போல்ட் எப்படிப் பிடிக்கிறது?

ஆணி அடித்தது போல போல்ட் இரண்டு துண்டுகளைக் கோத்து வைத்திருக்கிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு விறைப்பான சுருள்வில்லைப் போல வேலை செய்கிறது. நட்டை முடுக்கும்போது போல்ட் மிக மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் இரண்டு துண்டுகளையும் நசுக்கிப் பிடிக்கிறது. இதைப் பிடிப்பு விசை என்போம்.

இது எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முறுக்கு விசையை, போல்ட் விட்டத்தின் 0.2 மடங்கால் வகுத்தால் பிடிப்பு விசை தோராயமாகக் கிடைக்கும். பெட்டித் தளங்களில் அதிகம் பயன்படும் 6 மில்லிமீட்டர் எஃகு போல்ட்டை, உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் 10 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் விடை சுமார் 8,300 நியூட்டன். ஏறக்குறைய 850 கிலோ எடைக்குச் சமம், அதுவும் ஒரே ஒரு போல்ட்டில்!

இப்போது பெட்டியைப் பாருங்கள். பொருள்களோடு சேர்த்து 8 கிலோ என்று கொள்வோம். பள்ளத்தில் குலுங்கும்போது மூன்று மடங்கு இழுத்தாலும் 24 கிலோதான். நன்றாக முடுக்கிய நான்கு போல்ட்டுகளுக்கு இது பொருட்டே இல்லை. அப்படியென்றால் பெட்டி ஏன் விழுகிறது? பெரும்பாலும் போல்ட் உடைவதற்கு வெகு முன்பே அதன் பிடிப்பு போய்விடுகிறது என்பதுதான் விடை. பிடிப்பு போன போல்ட், ஓட்டைக்குள் ஆடும் வெறும் குச்சி.

நட்டு ஏன் கழல்கிறது?

1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீள வாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்கே பக்கவாட்டில் வரும் அதிர்வுதான் நட்டை அதிகமாகக் கழற்றுகிறது. துண்டுகள் பக்கவாட்டில் சறுக்கும்போது திருகு மரையில் உள்ள உராய்வு ஒரு கணம் செயலற்றுப் போகிறது. அந்தக் கணத்தில் நட்டு கொஞ்சம் திரும்புகிறது. செம்மண் பாதையில் இது ஆயிரம் முறை நடந்தால், நட்டு தானாகவே இறங்கிவிடும்.

பட்டறைகளில் வழக்கமாகப் போடும் பிளவுபட்ட ஸ்பிரிங் வாஷர், இந்தப் பக்கவாட்டு அதிர்வுச் சோதனைகளில் பெரிதாக உதவுவதில்லை. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு முழுதாகக் கழன்று விழாமல் தடுக்கும். மரைப் பசை இன்னும் நல்லது. 1953இல் அமெரிக்காவின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய பொருள் இது. காற்று படும்வரை திரவமாக இருக்கும். உலோக மரைகளுக்கு நடுவே காற்று இல்லாத இடத்தில் இறுகும். மீண்டும் கழற்ற வேண்டிய இடத்துக்கு நடுத்தர வலிமையுள்ள நீல நிறப் பசை போதும். ஆனால் அதைப் பிளாஸ்டிக்கில் பட விடாதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக்குகளில் அது வெடிப்பு உண்டாக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக முடுக்கிய இணைப்பில் சாயமும் தூசியும் ரப்பர் வளையமும் சில நாள்களில் அமுங்கிவிடும். முடி அளவு அமுங்கினாலும் போல்ட்டின் நீட்சி குறைந்து பிடிப்பு தளர்கிறது. அதனால்தான் முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடியும் முடுக்கச் சொல்கிறோம்.

அந்த ரப்பர் வளையத்தையும் மறக்கக் கூடாது. பெட்டிக்கும் இரும்புக்கும் இடையே அமர்ந்து அதிர்வை உள்வாங்குவது அதன் வேலை. வெயிலில் காய்ந்து இறுகினாலோ, எண்ணெய் பட்டு ஊதினாலோ, அது அதிர்வை விழுங்காமல் அப்படியே போல்ட்டுக்குக் கடத்தும். நம் தாத்தா பாட்டிகள் இந்த மாநிலத்தில் பால் வெட்டிய மரத்தின் பெருமை இப்படியொரு சின்ன வளையத்திலும் இருக்கிறது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழிந்து திரும்பினால் நல்லது. வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பாரத்தை எங்கே வைப்பது?

ஒரு சிறிய வண்டியின் இரு சக்கர அச்சுகளுக்கு இடையே சுமார் 1.2 மீட்டர் இருக்கும். பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 10 கிலோ வைத்தால், நெம்புகோல் விதிப்படி பின்சக்கரத்தில் 12.5 கிலோ கூடும், முன்சக்கரத்தில் 2.5 கிலோ குறையும். பாரம் கூடக் கூட முன்சக்கரம் இலேசாகி, ஹேண்டில் ஆடத் தொடங்கும். பக்கப்பெட்டியின் சிறப்பு இங்கேதான்: பாரம் தாழ்வாகவும் அச்சுக்கு அருகிலும் அமைகிறது. ஆனால் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கனமான பொருள் அடியில், இலேசானது மேலே.

ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை கிலோ தாங்கும் என்ற வரம்பு உண்டு. உட்புற ஒட்டுப்பட்டையிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அந்த வரம்பு பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெட்டி 40 லிட்டர் கொள்ளும் என்பதற்காக 40 கிலோ ஏற்றலாம் என்று பொருளில்லை.

பழைய பெட்டியை மாற்றும்போது

முதலில் பழைய போல்ட்டுகளைக் கழற்றி, துரு ஏறியவற்றையும் மரை தேய்ந்தவற்றையும் தனியே வையுங்கள். அவற்றை மறுபடி போடாதீர்கள். புது போல்ட் வாங்க நாலைந்து ரிங்கிட் ஆகலாம். பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

அடுத்து, பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் துடைத்து, பற்றவைத்த இடங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சாயத்தின் மேல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அதன் அடியில் வெடிப்பு இருக்கலாம். அப்படிப்பட்ட சட்டத்தில் புதுப்பெட்டியை மாட்டக் கூடாது.

பிளாஸ்டிக் படும் இடத்தில் அகலமான வாஷர் போடுங்கள். விசை பரந்த இடத்தில் பரவினால் அழுத்தம் குறையும். பிளாஸ்டிக்கை இரும்பு போல முடுக்கினால் அது நசுங்கி, பிறகு வெடிக்கும். கையேட்டில் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

நான்கு போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். எல்லாம் அமர்ந்த பிறகு ஸ்பேனரால் எதிரெதிர் மூலையாக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தளம் சாய்ந்து அமரும். முடித்ததும் நட்டிலிருந்து தளத்தின் மேல் வரை சாயத்தால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். விமானங்களிலும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சாவியால் கழற்றி மாட்டும் பெட்டிகள் நம் நாட்டில் பரவலாக உள்ளன. இவ்வகையில் பெயர் பெற்ற கிவி நிறுவனத்தை 1978இல் இத்தாலியில் தொடங்கியவர், 1969ஆம் ஆண்டு 350 சிசி உலகப் பந்தயத்தில் மூன்றாம் இடம் பெற்ற ஜூசெப்பே விசென்சி. இத்தகைய பெட்டியில் முதலில் முன்பக்க நாக்குகள் தளத்தில் நுழைய வேண்டும். பிறகு பின்பக்கத்தை அழுத்தினால் ‘கிளிக்’ என்று பூட்டும். ஒரு நாக்கு மட்டும் நுழையாமல் இருந்தாலும் சில நேரம் பூட்டு விழுந்துவிடும். அதனால் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள், பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள், பக்கவாட்டில் அசையுங்கள். பெட்டி ஆடினால் வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும். பெட்டி மட்டும் ஆடக் கூடாது. தோட்டப் பாதையில் ஓடும் வண்டியென்றால் பூட்டுக்குள் சேரும் மணலையும் அவ்வப்போது ஊதித் தட்டி எடுக்க வேண்டும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் பெட்டியைக் கட்டி ஒப்பேற்றுவது ஆபத்து. அவிழ்ந்தால் சங்கிலியிலோ சக்கரத்திலோ சுற்றிக்கொள்ளும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால், பக்கிள் வைத்த நாடாப்பட்டையைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கி, நீண்டு தொங்கும் முனையை மடித்துச் சொருகுங்கள். பெட்டி எதுவானாலும் எண் தகடு, பின்விளக்கு, சைகை விளக்கு மூன்றும் மறையாமல் இருக்க வேண்டும். புகைக்குழாய்க்கு நெருக்கமாகப் பிளாஸ்டிக் பெட்டி வரக் கூடாது.

பாடமும் பிழைப்பும்

இங்கே சொன்ன நிலைமம், உராய்வு, நெம்புகோல், அழுத்தம் எல்லாம் பள்ளி அறிவியலில் நீங்கள் பார்ப்பவை. கரும்பலகையில் சலிப்பூட்டும் சூத்திரம், ஸ்பேனர் பிடித்த கையில் புரிந்துவிடும். எஸ்பிஎம் முடித்த பிறகு ஏட்டுக் கல்வி ஒத்துவரவில்லை என்று சோர்ந்து போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல்: மோட்டார் சைக்கிள் பராமரிப்பு என்பது வெறும் கைவேலை இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையில் தொடங்கி மூன்றாம் நிலை வரை போகலாம். அதன் மேல் திறன் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் இருக்கின்றன. ஏன் கழல்கிறது என்று கேட்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். பெட்டியைத் திறந்து, அடியில் உள்ள நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஓட்டும் வண்டி இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். ஏதாவது ஒரு நட்டு விரலாலேயே திரும்பினால், திங்கட்கிழமை காலை அந்த வண்டி சாலையில் இறங்குவதற்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.