'லைசென்ஸ் வாங்கின கம்பெனிதான் ப்ரோ!' - சூதாட்ட லிங்க்கைப் பகிர்பவர்களுக்கு அந்த உரிமம் பாதுகாப்பு தருமா?

'ப்ரோ, உங்க பேஜுக்கு நல்ல ரீச் இருக்கு. எங்க லிங்க்கை ஸ்டோரியில போட்டா போதும். சேர்ற ஒவ்வொருத்தருக்கும் கமிஷன். நாங்க இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கின கம்பெனிதான், பயப்படாதீங்க!'

இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ ஐந்தாயிரம் பேர் பின்தொடரும் ஒரு பக்கத்தை நடத்திப் பாருங்கள். இந்த ரகத்தில் ஒரு மெசேஜ் என்றாவது வந்து விழும். பெரம்பலூர், அரியலூர் மாதிரியான மாவட்டங்களில் அப்படிப்பட்ட பக்கங்களை நடத்துபவர்கள் பெரிய பிரபலங்கள் அல்ல. ஊர்த் திருவிழா, கபடிப் போட்டி, கிரிக்கெட் டோர்னமென்ட், வேலைவாய்ப்புச் செய்தி என்று பதிவு போடும் உள்ளூர்ப் பையன்கள்தாம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஒரு பக்கம், சிமென்ட் ஆலைகள் நிற்கும் இன்னொரு பக்கம். நடுவில் டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். அவர்களிடம், 'வீட்டில் இருந்தபடியே மாதம் இருபதாயிரம்' என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

இதற்குப் பெயர் அஃபிலியேட் மார்க்கெட்டிங். செருப்பு, செல்போன் கவர் விற்கும் தளங்களுக்கு இதைச் செய்வது சட்டப்படியான தொழில். பந்தய ஆப்களுக்குச் செய்யும்போதுதான் கதை மாறுகிறது. அந்த இடத்தில் எல்லோரும் நம்புவது ஒரே ஒரு வார்த்தையை... 'லைசென்ஸ்'. அது உண்மையில் யாருக்கு, எங்கே செல்லும்?

கமிஷன் எங்கிருந்து வருகிறது?

சூதாட்டத் தளங்கள் அஃபிலியேட்டுகளுக்குப் பொதுவாக இரண்டு விதமாகப் பணம் தருகின்றன. முதலாவது, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. உங்கள் லிங்க் வழியாக ஒருவர் கணக்கு தொடங்கி முதல் டெபாசிட் செய்தால் ஒரு தொகை. அத்தோடு முடிந்தது.

இரண்டாவது, வருமானப் பங்கு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்கள் லிங்க்கில் சேர்ந்தவர் தோற்கும் பணத்தில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். பங்கு 30 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நண்பர் ஒரு மாதத்தில் 10,000 ரூபாய் தோற்றால் உங்களுக்கு ஏறக்குறைய 3,000 ரூபாய். அவர் ஜெயித்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை. சில தளங்களில் அவர் ஜெயித்த தொகையை உங்கள் அடுத்த மாதக் கமிஷனில் கழித்தும்விடுவார்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், லிங்க்கைப் பகிர்ந்தவரின் வருமானம் என்பது அதை நம்பிச் சேர்ந்த சித்தப்பா மகனும் கூடப் படித்த மாப்பிள்ளையும் தோற்ற காசு.

எந்த லைசென்ஸ் எப்படி?

இந்தத் தளங்களின் அடிப்பகுதியில் ஒரு முத்திரை இருக்கும். அதில் அடிக்கடி தென்படும் பெயர்கள் மால்டாவும் குராசோவும்.

மால்டா, மத்தியதரைக் கடலில் உள்ள குட்டித் தீவு நாடு. மக்கள்தொகை ஏறக்குறைய நம் பெரம்பலூர் மாவட்டத்தின் அளவுதான். 2001-ல் தொடங்கப்பட்ட அதன் சூதாட்ட ஆணையம் ஐரோப்பாவில் கறாரான அமைப்புகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. உரிமம் 10 ஆண்டுகளுக்கு. விண்ணப்பத்துக்கே 5,000 யூரோ கட்ட வேண்டும். ஆண்டுக் கட்டணம், வரி, தணிக்கை எல்லாம் தனி.

குராசோ, கரீபியன் கடலில் நெதர்லாந்து முடியாட்சிக்குக் கீழ் வரும் தீவு. பல ஆண்டுகளாக அங்கே நான்கு நிறுவனங்கள் மட்டும் 'மாஸ்டர் லைசென்ஸ்' வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் துணை உரிமம் கொடுத்து வந்தன. செலவு குறைவு, கேள்வியும் குறைவு. உலகெங்கும் உள்ள பந்தயத் தளங்கள் அங்கே குவிந்ததற்குக் காரணம் அதுதான். விமர்சனங்கள் அதிகமானதால் 2024 டிசம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்போது அரசு ஆணையமே நேரடியாக உரிமம் தருகிறது.

பிரிட்டன் வேறு ரகம். பிரிட்டன் மக்களிடம் வியாபாரம் செய்யும் நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் பிரிட்டன் ஆணையத்தின் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று 2014-ல் சட்டம் போட்டார்கள். 'மால்டா லைசென்ஸ் இருக்கிறதே' என்றால் அங்கேயும் எடுபடாது. அஃபிலியேட் தவறான விளம்பரம் செய்தால், அவரை நியமித்த நிறுவனம் பதில் சொல்ல வேண்டும்.

அஃபிலியேட்டுகளுக்கே தனி உரிமம் கேட்கும் இடங்களும் உண்டு. ருமேனியாவில் சூதாட்டத் தளங்களை விளம்பரப்படுத்தும் அஃபிலியேட்டுகள் தனி வகை உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வருமானப் பங்கு வாங்கும் அஃபிலியேட்டுக்கு உரிமம் கட்டாயம். தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர் பதிவாவது செய்துகொள்ள வேண்டும்.

இவற்றை ஒப்பிட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். உரிமம் என்பது அந்தந்த நாட்டின் எல்லைக்குள் செல்லும் சீட்டு. நிறுவனம் அதை வாங்கினால் அது நிறுவனத்துக்கு. லிங்க்கைப் பகிரும் ஜெயங்கொண்டம் பையனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

'சிக்கிம்ல இருக்கே?'

இந்தியாவிலும் உரிமம் தந்த மாநிலங்கள் உண்டு. சிக்கிம் 2008-ல் ஆன்லைன் விளையாட்டுகளுக்குச் சட்டம் இயற்றியது. பிறகு அந்த உரிமத்தைத் தன் மாநில எல்லைக்குள் மட்டும் செல்லும்படி சுருக்கிக்கொண்டது. நாகாலாந்தின் சட்டம் திறமை விளையாட்டுகளுக்கு மட்டுமே உரிமம் தருகிறது. இரண்டையும் காட்டி தமிழ்நாட்டில் பந்தய விளம்பரம் செய்ய வழியில்லை.

தமிழ்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நீண்ட போராட்டத்துக்குப் பிறகு வந்த சட்டம் இது. 2021-ல் கொண்டுவந்த முதல் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கைக்குப் பிறகு புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

இந்தச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதை விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கவனித்தீர்களா? ஆடியவரைவிட, ஆடச் சொல்லி அழைத்தவருக்குத்தான் தண்டனை அதிகம்.

'ரம்மிக்கு கோர்ட்டே அனுமதி கொடுத்திருக்கே' என்று சிலர் சொல்வதுண்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் இருந்து நீக்கியது உண்மை. ஆனால், சட்டம் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கிரிக்கெட் பந்தயத்துக்கும் கேசினோ சக்கரத்துக்கும் அந்தத் தீர்ப்பில் எந்தச் சலுகையும் இல்லை.

மத்திய அரசின் சட்டம்

2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் தடை. இவற்றை விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது சட்டம். ஆடுபவரை இது குற்றவாளியாகப் பார்க்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 20,000 ரூபாய் கோடியை மக்கள் இந்த விளையாட்டுகளில் இழக்கிறார்கள் என்பது அப்போது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

அதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்தாகிவிட்டது. பந்தய ஆப்களைப் பகிர வேண்டாம் என்று 2024 மார்ச்சில் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது. 2025 மார்ச்சில் தெலங்கானா காவல்துறை, பந்தய ஆப்களை விளம்பரப்படுத்தியதாகத் திரைக்கலைஞர்கள், யூடியூபர்கள் பலர் மீது வழக்குப் பதிந்தது. வக்கீல் வைக்க வசதியுள்ள நட்சத்திரங்களுக்கே இந்த நிலை என்றால், கல்லூரி மாணவர் என்ன செய்வார்?

வங்கிக் கணக்கு முடங்கினால்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் இங்கே பணம் வசூலிக்க, பிறர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குகளைப் பயன்படுத்துவதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். 2025 மார்ச்சில் ஜி.எஸ்.டி புலனாய்வுப் பிரிவு, வெளிநாட்டு ஆன்லைன் கேமிங் நிறுவனங்களின் 357 இணையதளங்களை முடக்கியதாக அறிவித்தது. ஏறக்குறைய 2,400 வங்கிக் கணக்குகளும் நடவடிக்கைக்கு உள்ளாயின.

அப்படிப்பட்ட கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குக் கமிஷன் வந்தால், விசாரணை உங்கள் கணக்கையும் தேடி வரலாம். அப்பாவின் கரும்புப் பணமும் அம்மாவின் குழுக்கடன் பணமும் வரும் கணக்கு அதுவாகவே இருந்தால், ஒரு ஸ்டோரிக்காகக் குடும்பமே வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய வேண்டும்.

லாட்டரி சொன்ன பாடம்

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. கூலியில் பாதியைச் சீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை அறிந்த தலைமுறை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சீட்டு விற்றவர் தெருமுனையில் நின்றார். அம்மாக்கள் அவரைத் திட்டித் துரத்த முடிந்தது. இன்று அந்த இடத்தில் மகனின் செல்போன் இருக்கிறது. விற்பவரும் சில நேரம் மகனே!

ஏற்கெனவே பகிர்ந்திருந்தால்...

* லிங்க், ரெஃபரல் கோடு, ரீல்ஸ் அனைத்தும் இனி யார் கண்ணிலும் படாதபடி முதலில் எடுத்துவிடுங்கள். ஆனால், கம்பெனியோடு பேசிய மெசேஜ்களையும் பணம் வந்த விவரங்களையும் அழிக்காதீர்கள். விசாரணை வந்தால் உண்மையைச் சொல்ல அவை தேவைப்படும்.

* உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ யாருக்கும் வாடகைக்குத் தராதீர்கள்.

* நோட்டீஸ் வந்தாலோ கணக்கு முடங்கினாலோ மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் தராவிட்டதால் சும்மா இருக்கும் பழியில்லை என்று நினைக்க வேண்டாம்; விளம்பரம் செய்ததே குற்றம்.

* பண மோசடிக்கு ஆளானவர்கள் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் புகார் தரலாம்.

* விளையாட்டை நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள், கடனால் மனமுடைந்தவர்கள் 14416 அல்லது 104 எண்களில் ஆலோசனை பெறலாம். எந்தக் கடனும் உயிரைவிடப் பெரியதல்ல.

பெற்றோர் கவனத்துக்கும் ஒன்று. 'வேலைக்குப் போகாமலே பணம் வருதே, எங்கிருந்துப்பா?' என்று ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.