எட்டுச் சோதனைகளில் ஒரு விடை

ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை மாறாமல் வை. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற்பாடம் இது. இது எப்போதும் போதுமா?

இயற்பியல் செய்முறையில் நாம் செய்யும் சோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட சட்டத்தின் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கிறோம். இதையே பொறியியல் மென்பொருளிலும் செய்யலாம். சட்டம் எஃகு; யங் குணகம் 200 கிகாபாஸ்கல்; முனையில் 10 நியூட்டன் விசை. நீளம், அகலம், தடிமன் ஆகிய மூன்றும் காரணிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே மதிப்புகள் கொடுப்போம். நீளம் 500, 1000. அகலம் 20, 40. தடிமன் 10, 20. எல்லாம் மில்லிமீட்டரில்.

முதலில் பழைய வழி. மூன்றும் சிறிய மதிப்பில் இருக்கும்போது தாழ்வு 1.25 மி.மீ. நீளத்தை மட்டும் இரட்டித்தால் 10, அதாவது 8.75 கூடுகிறது. தடிமனை மட்டும் இரட்டித்தால் 0.16, ஏறத்தாழ 1.09 குறைகிறது. இரண்டையும் இரட்டித்தால்? கூட்டிக் கழித்து 8.91 என்போம். உண்மை விடை 1.25! நீளத்தின் விளைவு தடிமனைப் பொறுத்து மாறுகிறது. இதற்கு இடைவினை என்று பெயர். ஒவ்வொன்றாக மாற்றுபவர் கண்ணுக்கு இது தெரியாது.

எனவே 2 × 2 × 2 = 8 சேர்க்கைகளையும் அட்டவணையாக எழுதிச் சோதிக்க வேண்டும். காரணிகளையும் மதிப்புகளையும் அளக்க வேண்டிய விளைவையும் குறிப்பிட்டால், மென்பொருளே எட்டு வரிகளையும் நிரப்பிவிடும். நீளமான நான்கு சட்டங்களின் சராசரித் தாழ்வு 4.22, குட்டையான நான்கின் சராசரி 0.53. வேறுபாடு 3.69 மி.மீ. நீளத்தின் விளைவு. அதே எட்டு விடைகளை வேறுவிதமாகப் பிரித்தால் அகலத்தின் விளைவும் தடிமனின் விளைவும் கிடைக்கும். மெல்லிய சட்டங்களில் நீளத்தின் விளைவு 6.56, தடித்தவற்றில் 0.82. இடைவினை வெளிப்பட்டுவிட்டது.

இம்முறை வயலில் வளர்ந்தது. 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர், சோதனைத் திட்டம் பற்றிய தம் நூலை 1935இல் வெளியிட்டார். வயலில் மண் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே பாத்திகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, சோதனையைத் திரும்பச் செய்தார்கள். கணிப்பொறியிலோ அதே கணக்கைத் திரும்பப் போட்டால் அதே விடைதான் வரும். அங்கே கவனிக்க வேண்டியது வேறு: மென்பொருள் சட்டத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, அந்தப் பிரிப்பு எட்டுச் சோதனைகளிலும் போதிய நுண்மையோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் தச்சர். நீளத்தை இரட்டித்து அகலத்தையும் இரட்டித்தால் தாழ்வு 5 மி.மீ.; அகலத்துக்குப் பதில் தடிமனை இரட்டித்தால் 1.25 என்று அவரிடம் காட்டினேன். "செலவாவது ஒரே அளவுதானே? பலகையைப் படுக்க வைத்தால் வளையும், நிமிர்த்தி வைத்தால் தாங்கும். இதற்கு ஒரு பெட்டி வேணுமாடா?" என்று சிரித்தார்.

வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அவர் பல ஆண்டுகள் மரத்தோடு பழகிக் கற்றதை எட்டே வரிகளில் காண இத்திட்டம் உதவியது. ஆனால் எந்தக் காரணிகளைச் சோதிப்பது என்று மென்பொருள் சொல்லாது. அதை அறிய, மரத்தைத் தொட்டவர்களிடம்தான் நாம் போக வேண்டும்.